க்ரூஸ் கப்பல் தேர்ந்தெடுப்பது எப்படி: மேடையையும் துறைமுகத்தையும் ஒரே கணக்கில் போடுங்கள்

க்ரூஸ் விளம்பரத்தைத் திறந்தால் இரண்டு விஷயம் கண்ணில் அறையும். மேல்தளத்துச் சறுக்குமரமும் நீச்சல் குளமும் ஒன்று, கப்பல் நிற்கும் ஊர்களின் பெயர்கள் இன்னொன்று. பெரும்பாலோர் இவற்றைத் தனித்தனியாகப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுகிறார்கள். உண்மையில் ஒன்றுதான் மற்றதைத் தீர்மானிக்கிறது. ஐஸ் ரிங்க், டைவிங் காட்சி, மூன்று தியேட்டர் எல்லாம் வேண்டுமென்றால் கப்பல் பெரிதாக இருக்க வேண்டும். கப்பல் பெரிதானால் பல ஊர்களுக்குள் வர முடியாது. தூரத்தில் எங்கேயோ கட்டிவிட்டு, அங்கிருந்து ஊர் போய்வரும் செலவைப் பயணியின் தலையில் விட்டுவிடும்.

ஆகவே டிக்கெட் விலையை ஒப்பிடும் முன் இரண்டு கேள்விக்கு விடை வேண்டும். கப்பலில் மாலை நேரம் எப்படிப் போகும்? கப்பல் நிற்கும் இடத்திலிருந்து நீங்கள் பார்க்க நினைக்கும் இடத்துக்குப் போய்வர எவ்வளவு நேரம், எவ்வளவு பணம்?

அளவு ஏன் தூரத்தைக் கூட்டுகிறது

வெனிஸ் இதற்கு நல்ல உதாரணம். 25,000 கிராஸ் டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்களும், 180 மீட்டரைத் தாண்டிய நீளமுள்ளவையும் 2021 ஆகஸ்ட் 1 முதல் ஜூடெக்கா கால்வாய் வழியாக நகர மையத்துக்குள் நுழையக் கூடாது. (கிராஸ் டன்னேஜ் என்பது எடை அல்ல, கப்பலின் மொத்த உள்ளளவைக் காட்டும் எண்.) 2024இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் 2,48,663 டன்னேஜ், அதாவது அந்த வரம்பைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. இப்போது ‘வெனிஸ்’ என்று விற்கப்படும் பயணங்களில் பல மார்கேராவிலோ, ட்ரியெஸ்டேயிலோ, ரவென்னாவிலோ தொடங்குகின்றன. ரவென்னாவிலிருந்து வெனிஸுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

தடை ஏதும் இல்லாத ஊர்களிலும் பாலமோ ஆற்றின் ஆழமோ குறுக்கே நிற்கும். பாங்காக்கில் சிறிய கப்பல்கள் ஆற்றுக்குள் புகுந்து க்ளாங் தோய் வரை வரும், பெரியவை 120 கிலோமீட்டர் தள்ளி லேம் சபாங்கில் நிற்கும். சைகோன் ஆற்றில் ஏறி ஹோ சி மின் நகர மையத்தை எட்டுவது சிறிய கப்பலுக்குத்தான் முடியும், மற்றவற்றுக்கு ஃபூ மை. ஸ்பெயினில் குவாதல்கிவிர் ஆற்றின் வழியே செவில்லுக்குள் போகும் கப்பல்களும் சின்னவைதான், மற்றவர்கள் காடிஸில் இறங்கி ரயில் பிடிக்க வேண்டும். ஸ்டாக்ஹோம் போகும் பெரிய கப்பல்கள் பல நகரத்துக்கு 60 கிலோமீட்டர் தெற்கே நீனெஸ்ஹாம்னில் நிற்கின்றன. பெர்முடாவில் பெரிய கப்பல்களுக்கு இடம் ராயல் நேவல் டாக்யார்டு, ஹாமில்டன் போக அங்கிருந்து ஃபெரி.

சிட்னியில் மட்டும் கதை தலைகீழ். ஹார்பர் பாலத்தின் அடியில் சுமார் 49 மீட்டர்தான் இடைவெளி. அதற்குள் நுழைய முடியாத உயரமான கப்பல்கள் ஊர் நடுவே சர்குலர் கீயில் நிற்கும். நுழையக்கூடிய சின்னக் கப்பல்களைப் பாலத்துக்கு அப்பால் ஒயிட் பேக்கு அடிக்கடி அனுப்பிவிடுவார்கள், அங்கே ரயில் கிடையாது. பொதுவிதியை நம்பி இருந்துவிடாமல் ஒவ்வொரு துறைமுகத்தையும் தனியாகச் சரிபாருங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

பயணத் திட்டத்தில் ஊர்ப்பெயரைப் படிக்கும் விதம்

கம்பெனி வலைத்தளத்தில் பெரிய ஊரின் பெயரும் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் பெயரும் சேர்ந்து வரும். கப்பல் நிற்பது அந்தச் சின்ன ஊரில்தான். அடிக்கடி வரும் சில ஜோடிகள், ஒரு வழித் தூரத்துடன்:

- ரோம் என்றால் சிவிட்டாவெக்கியா. சுமார் 75 கிலோமீட்டர், ரயிலில் ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதல்.
- ஃப்ளாரன்ஸ் என்றால் லிவோர்னோ. சுமார் 90 கிலோமீட்டர், ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பைசா பாதி வழியில்கூட இல்லை, 20 கிலோமீட்டர்தான்.
- பாரிஸ் என்றால் லெ ஆவ்ர். சுமார் 200 கிலோமீட்டர், ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல்.
- பெர்லின் என்றால் வார்னெமுண்டே. சுமார் 240 கிலோமீட்டர், மூன்று மணி நேரம்.
- லண்டன் என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன். சுமார் 130 கிலோமீட்டர்.
- ஒர்லாண்டோ என்றால் போர்ட் கனாவெரல். விமான நிலையத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், ரயில் இல்லை.

ஊர்ப்பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, எந்தத் தளத்தில் (துறைமுகத்தில் கப்பலைக் கட்டிவைக்கும் இடம்) கட்டுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஒரே துறைமுகத்தில் ஊரை ஒட்டிய தளமும் இருக்கும், கன்டெய்னர்களுக்கு நடுவே ஐந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றும் இருக்கும். துறைமுக நிர்வாகத்தின் வலைத்தளத்தில் ‘கப்பல் அட்டவணை’ என்ற பக்கத்தில் தேதி, கப்பல் பெயர், தளத்தின் பெயர் மூன்றும் இருக்கும். பல துறைமுகங்கள் இதை மாதக் கணக்கில் முன்கூட்டியே போட்டுவிடுகின்றன. அதே பக்கத்தில் அன்று வேறு எத்தனை கப்பல் வருகிறது என்றும் தெரிந்துவிடும். ஒரே காலையில் நான்கு பெரிய கப்பல் வந்தால் டாக்ஸி கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் பேரம் படியாது.

துறைமுக நாளின் மணிக்கணக்கு

‘காலை 7 முதல் இரவு 7 வரை’ என்று போட்டிருந்தால் பன்னிரண்டு மணி நேரம் கையில் இருப்பது போலத் தோன்றும். லெ ஆவ்ரிலிருந்து சொந்தமாகப் பாரிஸ் போய்வரும் நாளை எடுத்து உடைத்துப் பார்ப்போம்.

கப்பல் 7:00க்குக் கட்டப்படும். உள்ளூர் அதிகாரிகள் அனுமதி கொடுத்து, ஏணி இறங்கி, வரிசையில் நின்று வெளியே வர 7:30 ஆகிவிடும். ஷட்டில் பஸ்ஸில் ரயில் நிலையம் சேர 8:00. அந்தச் சமயத்தில் ரயில் இருந்து 8:15க்குக் கிளம்பினால் பாரிஸின் சாங் லசார் நிலையத்தில் 10:30. இனி பின்னாலிருந்து எண்ணுங்கள். கப்பல் 19:00க்குக் கிளம்புகிறது என்றால் எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம் வழக்கமாக அதற்கு 30 நிமிடம் முன்பு, 18:30. ரயில் ஒன்று ரத்தானால் அடுத்ததில் வரும்படி குறைந்தது ஒரு மணி நேரம் கையிருப்பு வைத்தால் 17:30க்குக் கப்பலடியில் இருக்க வேண்டும். ஷட்டிலுக்கு அரை மணி நேரம் போக 17:00க்கு லெ ஆவ்ர் நிலையம், அப்படியானால் 14:45க்குப் பாரிஸில் ரயில் ஏற வேண்டும். மிச்சம் இருப்பது நாலேகால் மணி நேரம். ஒரே ஒரு இடத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டு வரலாம், பெரிய அருங்காட்சியகம் ஒன்றையும் கோபுரத்தையும் சேர்த்துத் திட்டமிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு துறைமுகத்துக்கும் காகிதத்தில் போடுங்கள். ஊரில் கிடைக்கும் நேரம் பயண நேரத்தைவிடக் குறைவாக வந்தால் அந்த ஊரை விட்டுவிட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பது புத்திசாலித்தனம். லெ ஆவ்ருக்குப் பக்கத்தில் ஓன்ஃப்ளர், எத்ரெத்தா இரண்டும் அரை நாளில் முடியும், செலவும் பாரிஸ் செலவில் ஒரு பங்குதான். வார்னெமுண்டேயில் இறங்குபவர்கள் பெர்லினை மறந்துவிட்டு ராஸ்டாக்கைப் பார்த்தாலே நாள் நிறைவாகப் போகும்.

கப்பலடியிலிருந்து ஊர் வரை

சரக்குத் துறைமுகத்தில் நடந்து வெளியே போக விடமாட்டார்கள். கேட் வரை ஷட்டில் பஸ்தான் வழி. சிவிட்டாவெக்கியாவில் துறைமுகத்துக்குள் ஓடும் பஸ் லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்தில் விடும். அங்கிருந்து நகரப் பஸ்ஸிலோ நடந்தோ ரயில் நிலையம் போகலாம். வேறு பல ஊர்களில் கப்பல் கம்பெனியே ஷட்டில் விட்டு, தலைக்கு இவ்வளவு என்று கேபின் கணக்கில் ஏற்றிவிடும். நான்கு பேர் போனால் போகவர எட்டு இருக்கைக்குக் கட்ட வேண்டிவரும். அந்தக் காசில் டாக்ஸியே கிடைக்கும் ஊர்கள் நிறைய. துறைமுக கேட்டுக்கு உள்ளே நிற்கும் டாக்ஸி முழுநாள் சவாரியையே எதிர்பார்க்கும், வெளியே இருநூறு மீட்டர் நடந்தால் மீட்டர் போட்டு வரும் வண்டியோ செயலியில் அழைக்கும் வண்டியோ அகப்படும்.

கம்பெனி நடத்தும் சுற்றுலா வேண்டுமா, சொந்த ஏற்பாடா? விலையில் கம்பெனி சுற்றுலா பெரும்பாலும் கூடுதல். அந்தக் கூடுதலுக்கு நீங்கள் வாங்குவது ஒரே ஒரு உத்தரவாதம்: பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், காத்திருக்க முடியாமல் போனாலும் அடுத்த துறைமுகத்தில் உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்தமாகப் போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும், அடுத்த ஊருக்கு விமானச் செலவும் உங்களுடையது, பாஸ்போர்ட் கேபினில் இருந்தால் தலைவலி இரட்டிப்பு. ஒரு வழிப் பயணம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினாலோ, ஒரே ரயிலை நம்பியிருந்தாலோ கம்பெனி பஸ்ஸுக்குக் கொடுக்கலாம். அதற்குக் குறைவென்றால் சொந்தமாகப் போவதே நல்லது. குழுவாக நான்கைந்து பேர் இருந்தால் ஒரு வேனை முன்கூட்டிப் பேசிவிடுங்கள், நேரமும் உங்கள் கையில் இருக்கும்.

தளமே இல்லாத ஊர்களும் உண்டு. கப்பல் கடலில் நங்கூரம் போட, டெண்டர் படகில் கரை போக வேண்டும். சான்டோரினி, கிராண்ட் கேமன், காபோ சான் லூகாஸ் இந்த வகை. டெண்டருக்கு டோக்கன் கொடுப்பார்கள். கம்பெனி சுற்றுலாக்காரர்களுக்கும் உயர்வகை கேபின்காரர்களுக்கும் முதல் படகுகள் போய்விடும், மற்றவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு சாதாரணம். சான்டோரினியில் அதற்குப் பிறகும் வரிசை இருக்கிறது. படகு இறக்கிவிடும் பழைய துறைமுகத்திலிருந்து மேலே ஃபிரா ஊருக்குப் போகக் கேபிள் காரில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஏறக்குறைய 600 படி. திரும்பும்போதும் அதே வரிசை. கடைசி டெண்டர் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கேபிள் கார் வரிசையில் சேர்ந்துவிடுங்கள். கடல் கொந்தளித்தால் டெண்டர் ஊர் முழுவதுமே ரத்தாகும். அப்போது துறைமுக வரியை மட்டும் திருப்பித் தருவார்கள். வெளியாளிடம் முன்பணம் கட்டியிருந்தால், கப்பல் வராத நாளில் பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்கிய பிறகே கட்டுங்கள்.

ஆளைக் கப்பலைத் தவறவிடச் செய்வதில் கைபேசிக்கு முதல் இடம். சில கப்பல்கள் பயணம் முழுக்க ஒரே ‘கப்பல் நேரத்தை’ வைத்துக்கொள்ளும். கைபேசியோ கரையில் இறங்கியதும் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். ஒரு மணி நேர வித்தியாசம் போதும். இறங்கும்போது ஏணியருகே வைத்திருக்கும் பலகையில் திரும்ப வேண்டிய நேரத்தைப் படம் எடுத்துக்கொண்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் கட்டிக்கொள்ளுங்கள். நடுக்கடலில் கைபேசியை ஏரோப்ளேன் மோடில் வைக்கவும் மறக்க வேண்டாம். கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கில் அது தானாகச் சேர்ந்துகொண்டால் வரும் பில், ஒரு சுற்றுலாவையே விழுங்கிவிடும்.

தலைக்கு வரி

துறைமுகங்கள் இப்போது பயணிகளிடம் நேரடியாகவே வசூலிக்கத் தொடங்கியிருக்கின்றன. கிரீஸ் 2025 ஜூலை 1 முதல் க்ரூஸ் பயணி ஒருவருக்கு சான்டோரினியிலும் மிகோனோஸிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை 20 யூரோ வாங்குகிறது. ஏப்ரல், மே, அக்டோபரில் 12, குளிர்காலத்தில் 4. மற்றத் துறைமுகங்களில் கோடையில் 5 யூரோ. மெக்சிகோவில் அதே மாதம் 5 டாலரில் தொடங்கிய கட்டணம் 2028க்குள் படிப்படியாக 21 டாலராக உயரும். ஆம்ஸ்டர்டாம் 2024இல் பகல்நேர க்ரூஸ் பயணிக்கான வரியை 11 யூரோவிலிருந்து 14 ஆக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கரிம வெளியீட்டுக் கட்டணத் திட்டத்துக்குள் கப்பல்கள் 2024இல் வந்தன. அந்த ஆண்டு வெளியீட்டில் 40 சதவீதத்துக்கும், அடுத்த ஆண்டு 70 சதவீதத்துக்கும், 2026 முதல் முழுமைக்கும் கம்பெனி பணம் கட்ட வேண்டும். அது டிக்கெட் விலைக்குள் கரைந்து வந்துவிடும், தனியாகக் கண்ணில் படாது.

பதிவு செய்த பிறகு புதிய வரி வந்தால் கேபின் கணக்கில் ஏற்றும் உரிமையைப் பல கம்பெனிகள் ஒப்பந்தத்திலேயே வைத்திருக்கின்றன. விலைப்பட்டியலில் ‘வரிகளும் துறைமுகக் கட்டணமும்’ என்ற வரியைத் தேடி, அது மொத்தத்துக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். கலிஃபோர்னியாவின் புதிய சட்டத்தால் 2024 ஜூலை முதல் அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் வரி சேர்ந்த விலையையே காட்டுகின்றன. மற்ற நாட்டு வலைத்தளங்களில் அப்படி இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. டிப்ஸ் பெரும்பாலும் அந்த விலைக்குள் வராது. அமெரிக்கக் கம்பெனிகளில் சாதாரணக் கேபினுக்குத் தலைக்கு ஒரு நாளுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை தானாக ஏறும், குழந்தைக்கும் சேர்த்து.

மேடையில் என்ன மாறியிருக்கிறது

ஒரு காலத்தில் மாலை என்றால் ஒரே பெரிய தியேட்டர். இறகு வைத்த உடையில் நடனக் குழு, பக்கத்தில் வாத்தியக் குழு, சாப்பாட்டுக்கு முன் ஒரு காட்சி, பின் ஒரு காட்சி. இன்று பல கப்பல்களில் அந்த ஒற்றைத் தியேட்டர் நான்கைந்து சின்ன இடங்களாகச் சிதறிவிட்டது. ராயல் கரீபியன் 1999இல் ஐஸ் ரிங்க்கைக் கடலுக்குக் கொண்டுவந்தது, 2009இல் ஒயாசிஸ் கப்பலின் பின்புறத்தில் டைவிங் அரங்கைத் திறந்தது. ஹாலந்து அமெரிக்கா 2016இல் கோனிங்ஸ்டாம் கப்பலில் பார்வையாளரைச் சுற்றி வளைக்கும் எல்.இ.டி. திரையை வைத்தது, பின்னர் பாடகர்களோடு கூடிய பழைய குழுக்களின் இடத்தில் தனி நடனக் குழுவைக் கொண்டுவந்தது. நார்வீஜியன் ப்ரிமா கப்பலின் தியேட்டரில் இருக்கைகள் மடங்கி உள்ளே போக, தரை நடனக் கூடமாகிவிடும். வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களிலும் உருமாறும் அரங்குதான்.

திரை வந்த இடத்தில் செட்டும் ஆளும் குறைந்தன. நேரடி வாத்தியக் குழுவுக்குப் பதில் பதிவு செய்த இசைக்கு ஆடுவதும் பாடுவதும் பரவலாகிவிட்டது. காட்சியின் நீளமும் குறைந்தது. அந்த நேரத்தை வினாடி வினா, போட்டி விளையாட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடும் நடன இரவு ஆகியவை பிடித்துக்கொண்டன. இவற்றை நடத்தச் செலவு குறைவு, பானமும் நன்றாக விற்கும். இன்னொரு மாற்றம் பணம் சம்பந்தப்பட்டது. மெயின் தியேட்டர் இலவசமாகவே இருக்க, அதைச் சுற்றிக் கட்டணக் காட்சிகள் முளைத்துவிட்டன. சாப்பாட்டோடு சேர்ந்த காட்சி, எஸ்கேப் ரூம், கோ கார்ட், வி.ஆர்., சிமுலேட்டர் போன்றவற்றுக்குத் தனிக் காசு.

நல்ல நேரடி இசை வேண்டுமென்பவர்கள் புதிய ராட்சதக் கப்பல்களைத் தேடிப் போகத் தேவையில்லை. குனார்ட் கம்பெனியின் கப்பல்களில் நேரடி இசைக் குழுவோடு பால்ரூம் நடனம் இன்னும் நடக்கிறது, குயின் மேரி 2இல் கோளரங்கம்கூட உண்டு. வைக்கிங் கடல் கப்பல்களில் கசினோ இல்லை. அங்கே மாலை என்பது சொற்பொழிவும் செவ்வியல் இசையும்தான்.  பள்ளி வயதுப் பிள்ளைகளோடு அதில் போக முடியாது, 18 வயதுக்குக் கீழ் ஏற்றுவதில்லை.

காட்சியைச் சரிபார்த்துப் பதிவு செய்வது

கம்பெனி பெயரை வைத்துத் தேடாதீர்கள், கப்பல் பெயரை வைத்துத் தேடுங்கள். ஒரே கம்பெனியின் பதினைந்து வயதுக் கப்பலிலும் புதுக் கப்பலிலும் காட்சிகள் முற்றிலும் வேறு. விளம்பரப் படத்தில் இருப்பது எப்போதும் புதுக் கப்பல். கப்பலின் பக்கத்தில் ‘பொழுதுபோக்கு’ பகுதியைப் படியுங்கள், பிறகு சமீபத்தில் அதில் போனவர்கள் பதிவேற்றியிருக்கும் அன்றாட நிகழ்ச்சி நிரலைத் தேடிப் பாருங்கள். ஏழு இரவுப் பயணத்தில் கப்பலின் சொந்தக் குழு நடத்தும் பெரிய காட்சி இரண்டோ மூன்றோதான் இருக்கும். மீதி இரவுகளில் வந்துபோகும் நகைச்சுவைக்காரர், மாயாஜாலக்காரர், தனிப் பாடகர். நடிகர் குழு ஒப்பந்தம் முடிந்து மாறும் வாரங்களில் புதியவர்கள் ஒத்திகையில் இருப்பார்கள், பெரிய காட்சி நடக்காமலே போகலாம். கப்பல் ட்ரை டாக் (தண்ணீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் இடம்) போய் வந்த முதல் சில பயணங்களிலும் இதே ஆபத்து.

பெரிய கப்பல்களில் இலவசக் காட்சிக்கும் ரிசர்வேஷன் வேண்டும். பயணத்துக்குப் பல வாரம் முன்பே செயலியில் திறந்துவிடும். அப்போது கிடைக்காவிட்டால் கப்பல் ஏறிய முதல் மணி நேரத்தில், நீச்சல் குளத்துக்கு ஓடும் முன், மறுபடி பாருங்கள். ஒரு தொகுதி இடத்தை அன்றுதான் விடுவார்கள். பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

1. டைவிங், ஐஸ் காட்சிகளைப் பயணத்தின் முதல் பாதியில் போடுங்கள். காற்றும் அலையும் கூடினால் இவைதான் முதலில் ரத்தாகும். முதல் பாதியில் ரத்தானால் இன்னொரு நாள் வைப்பார்கள், கடைசி இரவில் ரத்தானால் போனது போனதுதான்.
2. சாப்பாட்டு நேரத்தோடு மோதுகிறதா பாருங்கள். மெயின் டைனிங்கில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஆறு மணிப் பந்திக்கு எட்டு மணிக் காட்சி பொருந்தும், ஏழரை மணிக் காட்சி பொருந்தாது.
3. நீண்ட தூரத் துறைமுக நாளின் இரவில் காட்சி வைக்காதீர்கள். தூக்கம்தான் வரும்.
4. காட்சிக்கு 15 நிமிடம் முன்பே உள்ளே இருங்கள். அதற்குப் பின் காலி இடங்களை வெளியே காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதையே திருப்பிப் போட்டால், ரிசர்வேஷன் கிடைக்காதவர்கள் காத்திருப்பு வரிசையில் நின்று பெரும்பாலும் உள்ளே போய்விடலாம்.

மெயின் தியேட்டர் பல கப்பல்களில் முன்முனையில் இருக்கும், ஆட்டம் அதிகமாகத் தெரியும் இடமும் அதுதான். தலைசுற்றல் வருபவர்கள் கீழ்த்தளத்தில் பின்வரிசையில், வெளிவழிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். டைவிங் அரங்கில் முதல் சில வரிசை நனையும்.

ஏறும் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்வது

மொத்தச் செலவில் அதிகம் தப்புக் கணக்காவது இங்கேதான். கப்பல் மாலை ஐந்துக்குக் கிளம்பினாலும் பயணிகளை ஏற்றுவதை ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், பயணிகள் பட்டியலை அதிகாரிகளுக்கு அனுப்பியாக வேண்டும். அன்றைய காலை விமானத்தை நம்பி வருவது சூதாட்டம். முந்தைய நாளே வந்துவிடுங்கள், ஒரு இரவு ஓட்டல் செலவைப் பயணச் செலவாகவே எழுதுங்கள். விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் உள்ள தூரம் ஊருக்கு ஊர் மாறும். ஃபோர்ட் லாடர்டேலில் டாக்ஸி ஏறினால் சில நிமிடம். டெக்சாஸின் கால்வெஸ்டனில் ஏற ஹூஸ்டனின் பெரிய விமான நிலையத்தில் இறங்கினால் சுமார் 110 கிலோமீட்டர், ஹாபி விமான நிலையம் என்றால் 65. விமான டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு அந்த வித்தியாசத்தில் போய்விடும்.

ஒரு ஊரில் ஏறி வேறு ஊரில் இறங்கும் பயணம், குறிப்பாகப் பருவம் மாறும்போது கப்பலை ஒரு கடலிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் பயணம், ஓர் இரவுக்கு மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். அதில் கடல் நாட்களே அதிகம், கப்பலின் மேடை எப்படி என்பது முழு எடையோடு முக்கியமாகும். விமானத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகே மலிவு என்று சொல்லுங்கள்.

விசா தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஷெங்கன் நாட்டில் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளில் ஒன்றில்) ஏறி, நடுவில் துருக்கியோ மான்டினிக்ரோவோ போய், மீண்டும் ஷெங்கன் துறைமுகத்துக்கு வந்தால் அது இரண்டாவது நுழைவு. ஒருமுறை நுழைவு விசாவோடு போனால் கப்பலில் ஏற்றவே மறுப்பார்கள், பணமும் திரும்பாது. கரையில் இறங்கப் போவதில்லை என்ற வாதம் செல்லாது.

திரும்பும் நாளில் கப்பல் காலை ஆறு, ஏழுக்கே கட்டினாலும் பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர ஒன்பது, பத்து ஆகும். துறைமுகம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நண்பகலுக்குப் பிந்திய விமானம் போடலாம், சிவிட்டாவெக்கியா போன்ற இடமென்றால் இரண்டு மணிக்குப் பிறகு.

கணக்கை ஒரே தாளில் போடுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு. ஏழு இரவு, மூன்று துறைமுகம், ஏறும் ஊர் இரண்டுக்கும் ஒன்றே. பெரிய கப்பல்: டிக்கெட் 900 டாலர், வரி 150, டிப்ஸ் நாளுக்கு 18 வீதம் 126, ஒவ்வொரு துறைமுகத்திலும் ஊர் போய்வர 60 வீதம் 180. மொத்தம் 1,356. சின்னக் கப்பல்: டிப்ஸ் சேர்த்து டிக்கெட் 1,500, வரி 150, ஊருக்குள்ளேயே நிற்பதால் துறைமுகத்துக்கு 10 வீதம் 30. மொத்தம் 1,680. விளம்பரத்தில் 600 டாலராகத் தெரிந்த வித்தியாசம் 324 ஆகிவிட்டது. பெரிய கப்பலில் இரண்டு கட்டணக் காட்சியும் கோ கார்ட்டும் போனால் இன்னும் குறையும். பிள்ளைகள் அந்தச் சறுக்கிலேயே ஏழு நாளும் கிடப்பார்கள் என்றால் எதிர்ப்பக்கம் சாயும், ஏனென்றால் துறைமுகத்தில் இறங்காமலே இருந்துவிடலாம். அந்த 180 டாலரும் மிச்சம். தனியாகப் போகிறவர்கள் இரண்டு டிக்கெட்டையும் ஒற்றை ஆள் கூடுதல் கட்டணத்தோடு எடுத்துக்கொண்டு மறுபடி போட வேண்டும், பல கப்பல்களில் அது கிட்டத்தட்ட இன்னொரு ஆளின் விலை.

கம்பெனியின் தனித் தீவில் நிற்கும் நாட்களை இந்தத் தாளில் துறைமுகமாக எண்ணாதீர்கள். கோகோகே, ஓஷன் கே போன்ற இடங்களில் ஊர் போகும் செலவு இல்லை, கடற்கரையும் சாப்பாட்டில் பெரும்பகுதியும் டிக்கெட்டுக்குள் வந்துவிடும். ஆனால் வாட்டர் பார்க், நிழற்குடில் எல்லாம் காசு. அதைக் கப்பல் பொழுதுபோக்குச் செலவில் எழுதுங்கள்.

தாள் முடிந்ததும் முழுப்பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு இரவுப் பயணத்துக்குப் பொதுவாகக் கிளம்புவதற்கு 75 முதல் 90 நாள் முன்பு. அந்தத் தேதிக்கு முந்தைய வாரத்தில் துறைமுக அட்டவணையையும் கப்பலின் காட்சிப் பட்டியலையும் மறுபடி திறந்து பாருங்கள். தளம் மாறியிருந்தாலோ நீங்கள் எதிர்பார்த்த காட்சி எடுக்கப்பட்டிருந்தாலோ, அதிக இழப்பில்லாமல் வெளியேறக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அதுதான். முன்பணம் திரும்பாத வகை டிக்கெட் என்றால் அந்த முன்பணம் மட்டும் போகும்.